சோபா வைத்திருக்கும் வேட்டைக்காரன்

விசித்தாசியோன் வேட்டைக்காரர்களுக்கு நாய் தரமாட்டாள். வல்தெமோரா ஊரில் இது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். தெரியாத வெளியூர்க்காரன் யாராவது வந்துவிடப் போகிறானே என்று தன் நாய்க் காப்பகத்தின் இரும்புக் கதவில் சிவப்புப் பெயின்டால் கொட்டை எழுத்தில் எழுதியும் வைத்திருந்தாள். காப்பகம் ஊருக்கு வெளியே, அவள் அப்பா விட்டுப்போன திராட்சைத் தோட்டத்தின் ஓரத்தில் இருந்தது. அதில் இருந்த நாய்கள் அத்தனையும் வேட்டைக்காரர்கள் வேண்டாம் என்று விட்டுப்போனவை.

பிப்ரவரியில் வேட்டைக்காலம் முடியும். அந்த ஆண்டு சரியாக ஓடாதது, வயதானது, காலில் அடிபட்டது எல்லாம் ஒவ்வொன்றாகத் தெருவுக்கு வரும். சிலதைக் காப்பகக் கதவில் கட்டிவிட்டுப் போவார்கள்; அவர்கள்தான் நல்லவர்கள். விசி அந்த நாய்களுக்கு உண்ணி பிடுங்கி, புண் ஆற்றி, இளவரசி, மகாராணி, சீமான் என்று அரண்மனைப் பெயராகப் பார்த்து வைத்து, ஜெர்மனிக்கு வேனில் ஏற்றி அனுப்புவாள். அங்கிருந்து படம் வரும். இந்த லா மாஞ்சா வட்டாரத்துக் கட்டாந்தரையில் முள்ளைக் கிழித்துக்கொண்டு ஓடிய நாய், கம்பளிச் சட்டை போட்டு, பனியில், குடை பிடித்த ஒரு அம்மாவின் பக்கத்தில் நிற்கும். மதுக்கடையில் அந்தப் படங்களைச் சுற்றுக்கு விட்டு ஊர் வயிறு வலிக்கச் சிரிக்கும்.

ஜெர்மனிக்குப் போகாமல் தங்கிவிட்டவள் துக்கேசா. பெயருக்குக் கோமகள் என்று அர்த்தம். காது இரண்டும் நட்டுவைத்த மாதிரி நிமிர்ந்து, இலவங்கப்பட்டை நிறத்தில், ஒல்லியாக, முயல் பிடிக்கவே பிறந்த போதென்கோ சாதி நாய். குறை ஒன்றுதான். சத்தம் ஆகாது. தட்டு கீழே விழுந்தாலும் கதவு அடித்துக்கொண்டாலும் கிடைத்த இடுக்கில் புகுந்துகொள்வாள். பிறகு அவளை வெளியே வரவழைக்க விசி தரையில் படுத்துக்கொண்டு கொஞ்ச வேண்டும். அப்படிப்பட்ட நாயை ஜெர்மன்காரர்களும் கேட்கவில்லை.

அவள் யாருடைய நாய் என்பது ஊருக்கே தெரியும். ஒரு இலையுதிர்காலம் முழுவதும் வேட்டைச் சங்கத் தலைவன் செஃபெரினோ அவளைக் கூட்டிக்கொண்டு அலைந்தான். போல்வோரா என்று கூப்பிடுவான். வெடிமருந்து என்று அர்த்தம். முதல் வெடி வெடித்ததும் அந்த வெடிமருந்து வாலைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடியது. இரண்டாம் முறையும் ஓடியது. வேட்டைச் சங்கத் தலைவனின் நாய் வெடிச் சத்தத்துக்கு ஓடினால் ஊர் சும்மா இருக்குமா? பிப்ரவரியில் ஒரு நாள் விடிகாலை காப்பகக் கதவில் அவள் கட்டிக்கிடந்தாள். செஃபெரினோ அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. விசியும் கேட்கவில்லை. இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள், தினமும் ஒரே கடையில் காப்பி குடிக்கிறவர்கள். அவன் உள்ளே வந்தால் இவள் கோப்பையைக் கொஞ்சம் ஓங்கி வைப்பாள். அவ்வளவுதான்.

சில வருஷம் கழித்து ஒரு வசந்தத்தில் முயல் வந்தது. வருஷா வருஷம் வருவதுதான், ஆனால் இப்படி இல்லை. நெடுஞ்சாலைக் கரையில் வளை தோண்டிக் குடித்தனம் நடத்தி, பெருகி, இரவில் இறங்கிவந்து மேய்ந்தன. விசியின் கொடிகளில் ஒரு தளிர் மிச்சம் இல்லை. தளிர் தீர்ந்ததும் பட்டையை உரித்தன. அந்தத் திராட்சையை விற்றுத்தான் காப்பகத்து நாய்களுக்குத் தீனி. முயல் தின்றது கொடியை மட்டும் அல்ல.

விசி மாமிசம் தொடமாட்டாள். ஒரு எறும்பைக்கூட ஓரமாக எடுத்து விடுகிறவள். முதலில் கொடிக்குக் கொடி பிளாஸ்டிக் குழாய் மாட்டினாள். முயல் எட்டிக் குதித்துத் தின்றது. பூண்டுத் தண்ணீர் தெளித்தாள். முடிதிருத்தும் கடையிலிருந்து மயிர் மூட்டை வாங்கித் தூவினாள். கடைசியில் தோட்டத்தின் நடுவே ரேடியோ பாட வைத்தாள்.

"என்ன விசி, உன் கொடியெல்லாம் மொட்டையடிச்சுக்கிட்டு நிக்குதாமே?" என்றான் செஃபெரினோ, கடையில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

"முளைக்கும்."

"முளைக்கும், முளைக்கும். முளைச்சதும் அதுங்க மறுபடி விருந்துக்கு வரும். நீ வேற ரேடியோ வெச்சிருக்கியாம். முயலுங்க ஜோடி போட்டு ஆடுதுன்னு பேசிக்கிறாங்க."

கடை சிரித்தது. அவன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"ஒரே ஒரு வார்த்தை சொல்லு. 'செஃபே, தயவுசெஞ்சு வா'. போதும். ஞாயித்துக்கிழமை காலையில சங்கமே துப்பாக்கியோட வந்து நிக்கும். மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள உன் தோட்டம் சுத்தம்."

"துப்பாக்கியோட எவனாவது என் மண்ணை மிதிச்சான்னா, காப்பகக் கதவைத் தெறந்து விட்டுருவேன். உங்களையெல்லாம் நல்லா ஞாபகம் வெச்சிருக்கிற நாய் உள்ள நெறைய இருக்கு."

சிரிப்பு நின்றது. அவள் கோப்பையை ஓங்கி வைத்துவிட்டுக் கிளம்பினாள். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம், தான் சொன்ன பதிலின் ருசியிலேயே நடந்தாள். தோட்டத்துக்கு வந்து கொடிகளைப் பார்த்ததும் ருசி போய்விட்டது. அப்போதுதான் தோன்றியது. நாய்தானே வேண்டும்? ஊரிலேயே அதிகமான வேட்டைநாய் யாரிடம் இருக்கிறது?

வேட்டை இல்லை, சும்மா விரட்டுவது என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். நாய் வாசம் பட்டாலே முயல் பயந்து ஓடிவிடும். மறுநாள் காலை, நன்றாக நடக்கக்கூடிய ஒரு கூட்டத்தைத் தோட்டத்துக்குள் அவிழ்த்துவிட்டாள். வேட்டைக்காரர்கள் ஏன் இவற்றை விட்டுப்போனார்கள் என்பது கொஞ்ச நேரத்தில் விளங்கிவிட்டது. சீமான் வெயில் விழுகிற இடமாகப் பார்த்துப் படுத்துக்கொண்டான். மகாராணி ஒரு முயலைப் பார்த்துவிட்டு விசியின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். வேறொன்று வளையில் மூக்கை விட்டு, தும்மி, அதோடு தன் கடமை முடிந்தது என்று திரும்பிவிட்டது.

துக்கேசா மட்டும் அசையாமல் நின்றாள். காது திரும்பியது. ஒரு முன்னங்கால் தரையை விட்டு மேலே வந்தது. பிறகு அவள் ஓடவில்லை, பறந்தாள். கொடி வரிசைக்கு மேலே எகிறி, காற்றிலேயே உடம்பைத் திருப்பி, புதருக்குள் செங்குத்தாக விழுந்தாள். சத்தமே இல்லை. திரும்பி வந்தபோது வாயில் ஒரு முயல். விசியின் முன்னால் உட்கார்ந்து, அதை அவள் கையில் வைத்தாள். ஒரு பல்லும் பதியவில்லை. முயல் உயிரோடு, சூடாக, இதயம் படபடக்க அவளைப் பார்த்தது.

"என் தங்கமே! என் ராசாத்தி!" என்று கத்திவிட்டாள் விசி.

அப்புறம்தான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. சுற்றும்முற்றும் பார்த்தாள். கேட்டவர் யாரும் இல்லை. முகம் சுட்டது. இத்தனை வருஷமாக வேட்டைக்காரர்கள் வாயில் எந்தப் பேச்சைக் கேட்டு அருவருத்தாளோ, அதே பேச்சு, அதே தொனியில் தன் தொண்டையிலிருந்தே வந்திருந்தது. வெட்கப்பட்டு முடிப்பதற்குள் துக்கேசா அடுத்த முயலோடு வந்து நின்றாள். வெட்கத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் பழக்கூடை தேடப் போனாள் விசி.

மத்தியானத்துக்குள் கூடைகள் நிறைந்தன. கொல்ல முடியாது. இங்கேயே விடவும் முடியாது. ஜெர்மனிக்கு நாய் ஏற்றும் வேனில் கூடைகளை ஏற்றிக்கொண்டு, ரயில் பாதையைத் தாண்டி, ஓடைக்கரையில் கொண்டுபோய்த் திறந்துவிட்டாள். ஆள் நடமாட்டம் இல்லாத நல்ல இடம். ஓடையை ஒட்டி இருப்பது செஃபெரினோ புதிதாகப் போட்ட பிஸ்தாத் தோட்டம் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் முயல் ஓடைக்கு இந்தப் பக்கம் போகுமா அந்தப் பக்கம் போகுமா என்று அவள் எப்படிச் சொல்ல முடியும்? அது முயலின் விருப்பம். இந்த நியாயத்தைத் திரும்பி வருகிற வழியில் பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். மறுநாளும் அதே வழியில்தான் போனாள். அதற்கடுத்த நாளும்.

கொடிகள் மறுபடி தளிர்த்தன. கடையில் பேச்சு மாறியது.

"விசி, உன் நாய் வேட்டையாடுதாமே?" என்று கேட்டார் கடைக்காரர்.

"வேட்டை இல்ல. முயலை இடம் மாத்துது."

"எந்த இடத்துக்கு?"

"காப்பி ஆறுது" என்றாள் விசி.

ஜூன் கடைசியில் செஃபெரினோ கடைக்கு வருவதை நிறுத்திவிட்டான். பிஸ்தாக் கன்றுகளில் பாதி பட்டை உரிந்து வெள்ளெலும்பாக நின்றன என்று சொன்னார்கள். அவனிடம் வடக்கே நவாராவிலிருந்து வரவழைத்த ஒரு உயர்சாதி நாய் இருந்தது; வம்சாவளிப் பத்திரம் அவன் கல்யாணப் பத்திரத்தைவிட நீளம். இரையைக் கண்டால் ஒரு காலைத் தூக்கிச் சிலையாக நிற்கும் சாதி. அது முயலைப் பார்த்ததும் அழகாகச் சிலையானது. முயல் அதன் எதிரிலேயே கன்றைத் தின்று முடித்து, அடுத்த கன்றுக்குப் போனது. சிலை திரும்பி, மறுபடி சிலையானது. பொறுக்க முடியாமல் செஃபெரினோ சுட்டான். முயல் தப்பியது, சொட்டுநீர்க் குழாய் தப்பவில்லை. தோட்டத்தின் நடுவே நீரூற்று எழும்பியதை அவன் மனைவி புருதென்சியா சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டாள். அதனால் மறுநாள் ஊர் முழுக்கப் பார்த்த மாதிரி ஆகிவிட்டது.

பிறகுதான் ஒரு நாள் சாயங்காலம் அவன் காப்பகத்துக்கு வந்தான். கதவில் எழுதியிருந்ததைப் படிக்காத மாதிரி, தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றான்.

"நாய் ஒண்ணு வேணும் விசி. உன் தோட்டத்துல முயல் புடிக்குதாமே, அந்த மாதிரி."

"உன்கிட்டதான் நவாரா நாய் இருக்கே."

"அதைச் சுவத்துல மாட்டி வைக்கலாம். வேலைக்கு ஆகாது."

உள்ளே நாய்கள் குரைத்துக்கொண்டிருந்தன. அதைத் தாண்டி ஒரு சீழ்க்கை மாதிரி ஊளை கேட்டது. துக்கேசா கம்பிவேலியை ஒரே தாவலில் தாண்டி வந்தாள். இத்தனை வருஷத்தில் அந்த வேலியைத் தாண்ட முடியும் என்று அவள் காட்டிக்கொண்டதே இல்லை. நேராக செஃபெரினோவின் மார்பில் பாய்ந்து, அவன் முகத்தை, கழுத்தை, தொப்பியை நக்கி, காலடியில் உருண்டு, எழுந்து, மறுபடி பாய்ந்தாள்.

விசி பார்த்துக்கொண்டு நின்றாள். கட்டிப்போட்டுவிட்டுப் போனவனுக்கா இந்தக் கும்மாளம்?

"இதுக்கு உன்னை முன்னாடியே தெரியும் போலிருக்கே" என்றாள்.

செஃபெரினோ நாயைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தான். ஆனால் அவன் கை தானாகவே அவள் காதுக்குப் பின்னால், சரியான இடத்தில், சொறிந்துகொண்டிருந்தது.

"எனக்கா? நான் இதைப் பார்த்ததே இல்ல. நாய்ங்களுக்கு என்னைப் புடிக்கும். ஒரு ராசி."

"ஓஹோ. ராசி."

அவனைத் துரத்தியிருக்கலாம். அதற்காகவே காத்திருந்தவள் அவள். என்னென்ன சொல்ல வேண்டும் என்று குளிக்கும்போதெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். ஆனால் அவன் கன்றுகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். ஓய்வுக்காலத்துக்கென்று வைத்தது, காய்க்கவே பல வருஷம் ஆகும், புருதென்சியா ஒவ்வொரு கன்றுக்கும் கையால் கொம்பு நட்டாள் என்று சொல்லிக்கொண்டே போனான். ஒவ்வொரு சொல்லும் விசியின் மனதில் ஒரு பழக்கூடையாக வந்து திறந்தது. நாயைத் தரமாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்று அவனிடம் சொல்லவும் முடியவில்லை.

"உன் வீட்டுல சோபா இருக்கா?" என்று கேட்டாள்.

"சோபாவா? இருக்கு. எதுக்கு?"

"அதுல யாரு உக்காருவாங்க?"

"யாரும் உக்கார மாட்டாங்க. புருதென்சியா பிளாஸ்டிக் போட்டு மூடி வெச்சிருக்கா. கல்யாணம் ஆன நாள்லேருந்து நானே உக்காந்தது இல்ல."

"நாய் அதுலதான் படுக்கும். சம்மதம்னா கூட்டிட்டுப் போ. கொட்டகையில கட்டக் கூடாது. துப்பாக்கி கூடவே கூடாது. நான் எப்ப வேணும்னாலும் வந்து பார்ப்பேன்."

"விசி, அவ என்னைக் கொன்னுருவா."

"அது உங்க குடும்ப விஷயம்."

 அவன், சின்ன வயதில் வாத்தியார் முன் நின்ற அதே முகத்தோடு, "சரி" என்றான். துக்கேசா அவனுக்கு முன்னால் ஓடிப்போய் வண்டியில் ஏறிக்கொண்டாள். திரும்பிப் பார்ப்பாள் என்று விசி கதவருகே காத்திருந்தது வீண்.

சோதனைக்கு அவள் சொல்லாமல் போனாள். ஜூலை வெயிலில் ஊர் ஜன்னலை அடைத்துக்கொண்டு கிடந்தது. புருதென்சியா கதவைத் திறந்து, "வா, வா, சத்தம் போடாம வா, குட்டி தூங்குது" என்றாள். சோபாவின் பிளாஸ்டிக் உறையைக் காணோம். நடுவில் துக்கேசா நாலு காலையும் பரப்பி மல்லாந்து கிடந்தாள். தலைக்கு ஒரு தலையணை. செஃபெரினோ மூலையில் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, சத்தத்தை முழுக்கக் குறைத்து வைத்த தொலைக்காட்சியில் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாரு கோல் போட்டாங்கன்னு உதட்டைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும்" என்று விசியிடம் முணுமுணுத்தான்.

"முதல்ல திட்டினேன்" என்றாள் புருதென்சியா. "இந்தச் சனியனை என் சோபாவுல ஏத்தினா உன்னைக் கொட்டகையில கட்டுவேன்னு சொன்னேன். அன்னிக்குச் சாயங்காலம் வந்து என் மடியில தலையை வெச்சுச்சு. இந்த மனுஷன் வெச்சதே இல்ல."

சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று உட்காரவைத்தார்கள். மேசைக்குப் பூண்டில் வதக்கிய முயல் வந்தது. விசிக்குத் தனியாகப் பாலாடைக்கட்டியும் தக்காளியும் ரொட்டியும். அவள் எதிரில் இருந்த தட்டைப் பார்க்காமல் சாப்பிட்டாள். இந்த முயலின் கண்ணை ஒருவேளை நான் பார்த்திருப்பேன் என்ற நினைப்பு மட்டும் போகவில்லை.

"துப்பாக்கி இல்லாம இது வேலை செய்யிற மாதிரி நான் கண்டதே இல்ல" என்றான் செஃபெரினோ. மூன்றாவது கோப்பை வைன் உள்ளே போயிருந்தது. "நாப்பது வருஷமா வேட்டையாடுறேன். முன்னாடி ஒண்ணு வெச்சிருந்தேன், இதே நிறம், இதே காது..." நிறுத்திக்கொண்டான். "அது வேற நாய்."

"எனக்கும் ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்த விசி, "தக்காளி நல்லா இருக்கு" என்று முடித்தாள்.

புருதென்சியா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"போதும். ரெண்டு பேரும் பொய்யைச் சவைச்சுச் சவைச்சு என் சமையல் ருசியே போச்சு. யோவ் செஃபே, இது உன் போல்வோரா. நீயே கொண்டுபோய்க் கட்டின. அன்னிக்குக் காலையில திரும்பி வந்து காப்பி வேணாம்னு சொன்னியே, எனக்கு மறக்கல. விசி, நீ மட்டும் யோக்கியமா? உன் வெள்ளை வேன் தினமும் ஓடைக்கரையில நின்னுச்சு. என் ஜன்னலுக்குக் கண் இருக்கு. கூடையைத் தெறந்து, 'போங்க, போங்க'ன்னு கைதட்டி வழி வேற காட்டின. நாயைக் கட்டிட்டு வந்த மனுஷனுக்கு இது வேணும்னுதான் நான் சொல்லல."

 செஃபெரினோ எழுந்தான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"என் பிஸ்தாக் கன்னு! அது நீயா? நீயாடி அது!"

"வெடிக்குப் பயந்துச்சுன்னு கழுத்துல கயித்தை மாட்டி என் வாசல்ல கட்டிட்டுப் போனது யாரு? மழை பெஞ்சுச்சுடா அன்னிக்கு!"

சோபாவிலிருந்து ஒரு சின்ன முனகல். துக்கேசா தலையணையோடு சேர்ந்து கீழே சரிந்து, சோபாவின் அடியில் புகுந்துகொண்டாள். வால் நுனி மட்டும் வெளியே, நடுங்கியது.

மூவரும் அப்படியே நின்றார்கள். செஃபெரினோ நாற்காலியைப் பூப்போல எடுத்து நிறுத்தி உட்கார்ந்தான். இனிக் கத்த முடியாது. ஆனால் சண்டை ஆரம்பித்தாயிற்று, பாதியில் விடவும் முடியாது.

"பாதித் தோட்டம் போச்சு" என்று கிசுகிசுத்தான் அவன்.

"அது முயலோட விருப்பம்" என்று கிசுகிசுத்தாள் விசி.

"கைதட்டினியாமே."

"நீ மட்டும்? 'நான் பார்த்ததே இல்ல'. 'ராசி'. வெக்கமா இல்ல?"

"இருக்கு" என்றான் அவன்.

விசி அதை எதிர்பார்க்கவில்லை. 

"சங்கத்துல எல்லாரும் சிரிச்சாங்க விசி. தலைவன் நாய் வெடிக்கு ஓடுதுன்னு. ஒரு மனுஷன் எவ்வளவுதான் தாங்குவான்? சுட்டுடுன்னாங்க. மாட்டேன்னு உன் வாசலுக்குக் கொண்டுவந்தேன். கட்டினப்புறம் மரத்துக்குப் பின்னாடி நின்னேன். நீ வந்து கதவைத் தெறக்கிற வரைக்கும்."

"நனைஞ்சியா?"

"நல்லா."

"நல்லது" என்றாள் விசி. பிறகு, "கன்னுக்கு நான் கொம்பு நட்டுத் தரேன். குழாய் மிச்சம் இருக்கு, அதையும் மாட்டிடலாம்" என்றாள்.

"உன் குழாய்க்கு மேலதான் முயல் எட்டிக் குதிச்சுத் தின்னுச்சே."

"பெரிய குழாயா வாங்குவோம்."

இதையும் கிசுகிசுப்பாகவே பேசினார்கள். சோபாவின் அடியிலிருந்து மூக்கு எட்டிப் பார்த்தது. புருதென்சியா தரையில் படுத்துக்கொண்டு, "வா கண்ணு, வா, முட்டாளுங்க பேசி முடிச்சுட்டாங்க" என்று கொஞ்சினாள். துக்கேசா என்று கூப்பிட்டாலும் போல்வோரா என்று கூப்பிட்டாலும் வராதவள், அந்தக் 'கண்ணு'வுக்கு உடனே வந்தாள்.

அதன் பிறகு நடந்ததை விசி திட்டமிடவில்லை. செஃபெரினோவின் தோட்டத்தில் முயல் குறைந்ததைப் பார்த்து மற்றவர்களும் காப்பகத்துக்கு வர ஆரம்பித்தார்கள். எல்லோரும் வேட்டைக்காரர்கள். எல்லோரும் தொப்பியைக் கழற்றிச் சுருட்டினார்கள். சிலர் கேட்ட நாய் அவர்களே விட்டுப்போனது; அதையும் அவர்கள் பார்த்ததே இல்லை. விசி எல்லோரிடமும் அதே கேள்வியைக் கேட்டாள். சோபா இல்லாத ஒருவன், சோதனை நாளில் மாமியார் வீட்டுச் சோபாவைத் தம்பியோடு சேர்ந்து சதுக்கம் வழியாகத் தூக்கிக்கொண்டு போனான். ஊர் பார்த்தது, விசியும் பார்த்தாள். அவனுக்குச் சீமானைக் கொடுத்தாள். சீமான் முயல் பிடிக்கப் போவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். அவனும் மாமியாரும் போகப் போகத் தெரிந்துகொள்ளட்டும். இரும்புக் கதவிலிருந்த வாசகத்தின் மேல் ஒரு மத்தியானம் அவளே வெள்ளையடித்தாள். காயும்போது சிவப்பு மங்கலாகத் தெரிந்தது. இரண்டாவது பூச்சு பூசவில்லை.

வேட்டைச் சங்கத்தில் ஆகஸ்டில் தேர்தல் வந்தது. துப்பாக்கி இல்லாமல் நாயோடு நடக்கப் போகிறவன் சங்கத் தலைவனா என்று ஒரு கோஷ்டி கேட்டது. செஃபெரினோ தோற்றான். தோற்ற அன்று சாயங்காலம் நாயைக் கூட்டிக்கொண்டு கன்றுகளைப் பார்க்கப் போனான் என்று புருதென்சியா சொன்னாள். "ரெண்டாவது சோபா வாங்கியிருக்கேன், அவனுக்கு" என்றும் சொன்னாள்.

செப்டம்பரில் அறுவடை. முயல் தொல்லை அடங்கியதில் ஊரில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளைந்துவிட்டது. கூட்டுறவு வைன் ஆலையின் முன்னால் டிராக்டர்கள் தெருமுனை வரை வரிசையாக நின்றன. வரிசையிலேயே சாப்பிட்டு, வரிசையிலேயே தூங்கி, நல்ல விளைச்சலைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். விசியும் தன் வண்டியில் குவிந்த திராட்சை வெயிலில் புளிக்காமல் இருக்க வேண்டுமே என்று நின்றாள். மொட்டையடித்து நின்ற அதே கொடிகளின் பழம்.

செஃபெரினோவுக்கும் கொஞ்சம் கொடி உண்டு; அவன் டிராக்டர் சற்று முன்னால் நின்றது. ஓட்டுகிற இடத்தில் அவன், பக்கத்தில் புருதென்சியா, அவள் மடியில் பாதியும் வெளியில் பாதியுமாகத் துக்கேசா. டிராக்டர்கள் உறுமிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்துக்கு அவள் காதுகள் பின்னால் படிந்திருந்தன. ஆனால் அவள் எங்கும் ஓடவில்லை. புருதென்சியாவின் கை அவள் நெஞ்சின் மேல் இருந்தது.

விசி இறங்கி நடந்து போனாள். "துக்கேசா" என்று மெதுவாகக் கூப்பிட்டாள்.

நாய் திரும்பிப் பார்த்தது. அடையாளம் தெரிந்துகொண்டது, வால் இரண்டு முறை இருக்கையில் தட்டியது. விசி கையை நீட்டினாள். துக்கேசா அந்தக் கையை மோந்து, மரியாதைக்கு ஒரு நக்கு நக்கி, பெருமூச்சு விட்டு, தலையை மறுபடி புருதென்சியாவின் மடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ நாய்களை வேனில் ஏற்றி அனுப்பியவள் அவள். அவை போய்ச் சேர்ந்த இடத்தில் தன்னை எப்படி மறந்தன என்பதைப் பார்க்கிற நிலை அவளுக்கு வந்ததே இல்லை. கம்பளிச் சட்டைப் படங்களில் அது தெரியாது. இப்போது அரை முழ தூரத்தில் பார்த்தாள்.  இதற்குத்தானே ஆசைப்பட்டாய் என்று கேட்டுக்கொண்டாள். ஆமாம், இதற்குத்தான். அதனால் வலிக்காமல் போகவில்லை.

"கோவமா?" என்றான் செஃபெரினோ மேலிருந்து.

"எதுக்கு?"

"உன்கிட்ட வரலையேன்னு."

"வந்திருந்தாதான் உன் மேல கோவம் வந்திருக்கும்" என்றாள் விசி.

முன்னால் வரிசை நகர்ந்தது. செஃபெரினோ வண்டியை எடுத்தான், நாய் திடுக்கிடாதபடி மெதுவாக. பின்னால் நின்றவர்கள் சீக்கிரம் போடா என்று ஹாரன் அடித்தார்கள். விசி திரும்பி, அவர்களைப் பார்த்து, சத்தம் போடாதே என்று உதட்டில் விரல் வைத்தாள். பிறகு தன் வண்டிக்கு நடந்தாள்.